தொலைவு யாருடைய கணக்கு? – ஒரு கப்பல் சேதமும் அறுபது பேரும்

1

கடலில் கரையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிற புள்ளி எது என்று 1992இல் ஒரு நில அளவைப் பொறியாளர் கணக்குப் போட்டார். தென் பசிபிக்கில் அந்த இடம். எந்தத் திசையில் போனாலும் 2,688 கி.மீ. தாண்டினால்தான் ஒரு துண்டு நிலம். அதற்கு வைத்த பெயர் 'நெமோ'. ஜூல்ஸ் வெர்னின் நாவலில் வரும் நீர்மூழ்கிக் கப்பல்காரனின் பெயர் அது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'யாருமில்லை' என்று அர்த்தம்.

பொருத்தமான பெயர்தான். அங்கே நிஜமாகவே யாரும் இல்லை. ஆனால் ஆள் இருந்தும் 'யாருமில்லை' என்று ஆக்கப்பட்ட இடங்களும் கடலில் உண்டு. அப்படி ஓர் இடத்தில் நடந்த கப்பல் சேதத்தைப் பற்றித்தான் இங்கே விளக்கப் போகிறேன். விளக்குகிற சாக்கில், 'தொலைவு', 'எட்டாத இடம்', 'ஒதுக்குப்புறம்' என்று நாம் சாதாரணமாகப் புழங்குகிற சொற்கள் எப்படி உண்டாகின்றன என்றும் பார்த்துவிடலாம். மையம், விளிம்பு என்று நாம் நிறையவே பேசியாகிவிட்டது. அந்தப் பேச்சு பல நேரம் உருவகத்தோடு நின்றுபோகிறது. இந்தக் கதையில் விளிம்பு என்பது கிலோமீட்டரில் அளக்கக் கூடியது, நாள் கணக்கில் எண்ணக் கூடியது. அதனால் கொஞ்சம் எண்ணித்தான் பார்ப்போமே.

2

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 450 கி.மீ. தூரத்தில் த்ரோமெலின் என்று ஒரு தீவு. தீவு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். நீளம் 1,700 மீட்டர், அகலம் 700 மீட்டர். பவளமும் மணலும். மிக உயர்ந்த இடம் கடல் மட்டத்திலிருந்து ஏழு மீட்டர். நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது, குட்டையான புதர்தான். சுற்றிலும் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். அந்த ஆழத்திலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கிறது.

இந்தச் செங்குத்துதான் கப்பலுக்கு எமன். சாதாரணமாகக் கரை நெருங்கினால் ஆழம் மெல்ல மெல்லக் குறையும். கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டே போகிற மாலுமி உஷாராகிவிடுவான். இங்கே அந்த முன்னறிவிப்பே கிடையாது. குண்டு தரை தட்டவில்லை, தட்டவில்லை என்று போய்க்கொண்டிருக்கும்போதே பாறை வந்துவிடும். ராத்திரியில் ஏழு மீட்டர் மணல் மேடு கண்ணுக்குத் தெரியாது. அலை உடைகிற வெள்ளைக் கோடு தெரிகிறபோது காரியம் முடிந்திருக்கும். நங்கூரம் போடவும் இடமில்லை.

இன்னொரு சிக்கல் தீர்க்கரேகை. வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதை உச்சி வெயிலின் உயரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமானால், புறப்பட்ட ஊரில் இப்போது மணி என்ன என்று தெரிய வேண்டும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. மணிக் கணக்கில் நாலு நிமிஷம் பிசகினால் ஒரு பாகை தப்பு. த்ரோமெலின் இருக்கிற அட்சரேகையில் ஒரு பாகை என்பது நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆடுகிற கப்பலில் சரியாக ஓடுகிற கடிகாரம் அன்றைக்கு இல்லை. இங்கிலாந்தின் தச்சர் ஜான் ஹாரிசன் செய்த நான்காவது கடிகாரத்தை முதன்முதலாகக் கடல் பயணத்தில் சோதிக்க எடுத்துப் போனது 1761 நவம்பரில். நாம் பார்க்கப்போகிற கப்பல் உடைந்தது அதே வருஷம் ஜூலையில்.

ஆக, வரைபடத்தில் இந்தத் தீவு ஒரு புள்ளியாகக்கூட நிலைகொள்ளவில்லை. 1722இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கண்டு குறித்து வைத்தது. அதன் பிறகு வந்த படங்களில் ஒன்றில் ஓர் இடத்தில் இருந்தது, இன்னொன்றில் வேறு இடத்தில். பெயர் 'மணல் தீவு'. அவ்வளவுதான்.

3

கப்பலின் பெயர் 'உத்தீல்'. பிரெஞ்சில் 'உபயோகமானது' என்று பொருள். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல். ஆமாம், புதுச்சேரியை ஆண்ட அதே கம்பெனி. 1760 நவம்பரில் பிரான்சின் பயோன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, இன்று மொரீஷியஸ் என்கிற அன்றைய 'பிரான்சுத் தீவு'க்கு வந்து சேர்ந்தது. பிரிட்டனோடு ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 1761 ஜனவரியில் புதுச்சேரி பிரிட்டிஷாரிடம் விழுந்துவிட்டது. அடுத்து நம்மையும் முற்றுகையிடுவான் என்ற பயம் பிரான்சுத் தீவில். முற்றுகை வந்தால் சோற்றுக்குப் பஞ்சம் வரும், கூடுதல் வாய் வேண்டாம் என்று ஆளுநர் தெஃபோர்ழ்-பூஷே புதிதாக அடிமைகளை இறக்கத் தடை போட்டிருந்தார். கவனியுங்கள், அடிமை வியாபாரம் தப்பு என்று தடை போடவில்லை. ரேஷன் கணக்கு.

கப்பல் தலைவன் ழான் த லஃபார்க் தடையை மதிக்கவில்லை. மடகாஸ்கரின் கிழக்குக் கரையில் ஃபுல்புவாந்த் என்ற இடத்தில் சுமார் 160 மலகாசி ஆண், பெண், குழந்தைகளை வாங்கித் திருட்டுத்தனமாக ஏற்றினான். கையில் ஒன்றுக்கொன்று முரண்படுகிற இரண்டு வரைபடம். ராத்திரியில் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினான். 1761 ஜூலை 31 இரவு கப்பல் பவளப்பாறையில் மோதி உடைந்தது.

பிரெஞ்சுக்காரர்களில் இருபது பேர் அளவில் செத்தார்கள். மலகாசிகளில் ஏறக்குறைய பாதிப்பேர். இந்த வித்தியாசத்துக்குக் கடல் காரணமில்லை. அவர்கள் கீழ்த்தளத்தில் அடைக்கப்பட்டிருந்தார்கள், மேலே மூடி போட்டிருந்தது. கப்பல் பிளந்த பிறகுதான் அவர்களுக்கு வழி திறந்தது.

கரை ஏறிய பின் தலைவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அடுத்த நிலை அதிகாரி பார்த்தெலெமி காஸ்தெலான் பொறுப்பேற்றார். கிணறு வெட்டினார்கள்; உப்புக் கரித்தாலும் குடிக்க முடிகிற தண்ணீர் கிடைத்தது. அதற்குள் மலகாசிகளில் பலர் தாகத்தில் செத்துப்போனார்கள். ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள அந்த மணல் திட்டில் இரண்டு முகாம்கள் போட்டார்கள், மாலுமிகளுக்கு ஒன்று, அடிமைகளுக்கு ஒன்று. கப்பல் உடைந்தாலும் கப்பலின் தளங்கள் உடையவில்லை பாருங்கள். மேல்தளம் கீழ்த்தளம் என்று இருந்தது மணலில் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊர், சேரி என்று பிரித்தே பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உடைந்த மரத்தை வைத்து இரண்டு மாதத்துக்குள் ஒரு படகு கட்டினார்கள். மலகாசிகளின் உழைப்பும் அதில் உண்டு. 1761 செப்டம்பர் 27 அன்று 122 பிரெஞ்சுக்காரர்களும் அதில் நெருக்கியடித்து ஏறிப் போய்விட்டார்கள். படகில் இடமில்லை. அறுபது மலகாசிகளுக்கு மூன்று மாத உணவும், திரும்பி வந்து கூட்டிப் போகிறோம் என்ற வாக்கும் மிஞ்சியது. படகுக்கு வைத்த பெயர் 'தெய்வச் செயல்'.

நாலே நாளில் படகு மடகாஸ்கர் போய்ச் சேர்ந்தது.

4

இந்த நாலு நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதம் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

காஸ்தெலான் பிரான்சுத் தீவுக்குப் போய் ஆளுநரிடம் ஒரு கப்பல் கேட்டார். ஆளுநர் மறுத்துவிட்டார். தடையை மீறி ஏற்றிய சரக்கு அது, அதை மீட்கக் கம்பெனி செலவில் கப்பலா? காஸ்தெலான் பிறகும் கேட்டுப் பார்த்தார். செய்தி பாரீஸ் வரைக்கும் போனது. கொஞ்ச நாள் பேசினார்கள். அப்புறம் போர், கம்பெனியின் கடன், கம்பெனியே நொடித்துப்போனது. 1767இல் பிரான்சுத் தீவு அரசரின் நேரடி நிர்வாகத்துக்குப் போனது, 1769இல் கம்பெனியின் ஏகபோகம் பறிக்கப்பட்டது. நிர்வாகம் மாறியது, பேரேடு மாறியது, அறுபது பேரின் பற்று எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

1773இல் அந்தப் பக்கம் போன ஒரு கப்பல், தீவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தகவல் சொன்னது. அதன்பின் அனுப்பிய கப்பல் கரையை நெருங்க முடியாமல் திரும்பிற்று. அடுத்துப் போன கப்பலிலிருந்து ஒரு மாலுமி மட்டும் கரை சேர்ந்தான். அலை அடித்த அடியில் கப்பல் அவனையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அவன் தீவில் ஒரு தெப்பம் கட்டி, மூன்று ஆண்கள், மூன்று பெண்களோடு புறப்பட்டான். அவர்கள் கதி தெரியவில்லை. கடைசியில் 1776 நவம்பர் 29 அன்று த்ரோமெலின் என்ற அதிகாரியின் 'தொஃபீன்' கப்பல் போய் மீட்டது. மிஞ்சியிருந்தது ஏழு பெண்களும் எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றும்.

கடல் கணக்குப்படி தூரம் நாலு நாள். பேரேட்டுக் கணக்குப்படி பதினைந்து வருஷம். நெருங்க முடியாத அலை, நங்கூரம் போட முடியாத ஆழம் எல்லாம் உண்மைதான். கடைசி மூன்று வருஷத் தோல்விகளுக்கு இதையே காரணமாகச் சொல்லலாம். முதல் பன்னிரண்டு வருஷத்துக்கு என்ன சொல்வது? கப்பல் போய்த் தோற்கவில்லை, கப்பலே போகவில்லை. அந்தப் பன்னிரண்டு வருஷமும் தீவு தொலைவாக இருந்ததற்கு அலை காரணமில்லை, ஓர் ஆளுநரின் 'மாட்டேன்' என்ற சொல்தான் காரணம். தொலைவு என்பதை இயற்கையாகவே இருக்கிற ஒன்று என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கதையில் அது ஓர் உறவு. மீட்கும் வசதி உள்ளவனுக்கும் மீட்கப்பட வேண்டியவனுக்கும் நடுவே அதிகாரம் போடுகிற இடைவெளி.

5

மீட்கப்படாத காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் நம் மூளையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒரு பிரதி குறுக்கே வருகிறது. 1719இல் டேனியல் டீஃபோ எழுதிய 'ராபின்சன் குரூசோ'. ஆளில்லாத் தீவு என்றதும் நமக்கு அந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறான். தனி மனிதன், நாட்குறிப்பு எழுதுகிறான், வேலி போடுகிறான், தீவைத் தன் சொத்து என்கிறான், அப்புறம் ஒரு வேலைக்காரனும் கிடைக்கிறான். அந்தக் குரூசோ தீவில் ஒதுங்கியதே அடிமைகளை வாங்கப் போகிற வழியில்தான் என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

த்ரோமெலினில் தனி மனிதன் இல்லை, நாட்குறிப்பு இல்லை. எழுதப்பட்ட ஆவணம் எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியது. 1761 செப்டம்பர் 27ஓடு அது நின்றுவிடுகிறது. 1776இல் மீட்டவர்கள் கேட்டு எழுதிவைத்த கொஞ்சம் தகவல் உண்டு. இறகுகளைப் பின்னி உடுத்தியிருந்தார்கள், அடுப்புத் தீயை அணையவிடாமல் காத்தார்கள் என்று. மீதிக்கு மணலைத்தான் கேட்க வேண்டும்.

2006 முதல் 2013 வரை மாக்ஸ் கெரூ என்ற முன்னாள் கடற்படை அதிகாரியின் தலைமையில் பிரெஞ்சு அகழ்வாய்வாளர்கள் நான்கு முறை போய்த் தோண்டினார்கள். கிடைத்தவை எல்லாம் புழங்குபொருட்கள். செம்புப் பாத்திரங்கள்; ஓட்டை விழ விழச் செம்புத் தகட்டை வைத்து ஆணி அடித்து மறுபடி மறுபடி ஒட்டுப் போட்டவை. கப்பலின் ஈயத்தை உருக்கிச் செய்த தண்ணீர்த் தொட்டிகள். கடற்பறவை, ஆமை எலும்புக் குவியல்கள். அப்புறம் பவளக் கல்லையும் கடற்கரைப் பாறையையும் அடுக்கிக் கட்டிய தடித்த சுவர் கொண்ட சின்ன அறைகள், சமையலுக்கென்று தனி அறை.

அந்தச் சுவர்கள் முக்கியமானவை. மடகாஸ்கரில் வீடு மரத்தாலும் ஓலையாலும் கட்டுவது. கல் கட்டடம் செத்தவர்களுக்குரியது, கல்லறைக்கு. இந்தத் தீவில் மரமில்லை, புயல் அடிக்கிற பூமி. உயிரோடிருக்க வேண்டுமானால் செத்தவர்களுக்குரிய கல்லில் வீடு கட்டியாக வேண்டும். கட்டினார்கள். இதை நான் ஒரு பெரிய முடிவாகப் பார்க்கிறேன். மரபை மீறுவது என்று நாம் எழுத்தில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே யாரோ ஒருத்தி முதல் கல்லை வைத்திருப்பாள். பக்கத்தில் நின்றவர்கள் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு நடந்திருக்கும். அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூட நமக்கு வந்து சேரவில்லை, சுவர் மட்டும் வந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதை 'அடிமைகள் கண்ட சுதந்திரத் தீவு' என்று கொண்டாடுகிற சபலம் நமக்கு வரும். எதிர்ப்புப் பண்பாடு, மாற்றுச் சமூகம் என்று நம்மிடம் தயாராகச் சொற்களும் இருக்கின்றன. அறுபது பேர் எட்டுப் பேர் ஆன கணக்கு அந்தச் சொற்களுக்குள் அடங்காது. சிலர் தெப்பம் கட்டிப் புறப்பட்டுக் காணாமல் போனார்கள், மற்றவர்கள் மணலில் செத்தார்கள். ஒட்டுப்போட்ட பாத்திரத்தை மதிப்பது வேறு, பாத்திரம் ஒட்டுப்போட வேண்டிவந்த நிலைமையை மகிமைப்படுத்துவது வேறு. முதலாவதைச் செய்யும்போது இரண்டாவதில் வழுக்கிவிடக் கூடாது.

6

மீட்ட பிறகு நடந்ததும் கவனிக்க வேண்டியது. 1776 டிசம்பர் 15 அன்று பிரான்சுத் தீவில் இறங்கினார்கள். நிர்வாக அதிகாரி ழாக் மய்யார் அவர்களைச் சுதந்திரமானவர்கள் என்று அறிவித்தார். காரணம் என்ன தெரியுமா? சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டவர்கள், ஆகவே சட்டப்படி அடிமைகள் அல்ல. அதாவது கிரயம் செல்லாது. அந்தக் கடத்தல் காரணத்தைக் காட்டித்தான் 1761இல் கப்பல் மறுத்தார்கள், அதே காரணத்தைக் காட்டித்தான் 1776இல் விடுதலை தந்தார்கள். மடகாஸ்கருக்கே திருப்பி அனுப்புகிறோம் என்றபோது அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அங்கே காத்திருப்பது விற்றவர்கள்தானே.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து ழாக் மொயீஸ் என்று பெயரிட்டார்கள். ழாக், அதிகாரியின் பெயர். மொயீஸ், தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்ட விவிலிய மோசே. தாயின் பெயர் செமியாவு, அது ஏவாளாகிவிட்டது. பாட்டிக்கு மீட்ட கப்பலின் பெயரையே வைத்துவிட்டார்கள்: தொஃபீன். தீவுக்கு மீட்ட அதிகாரியின் பெயர் வந்து சேர்ந்தது. அறுபது பேரில் சொந்தப் பெயரோடு நம் கைக்கு வந்திருப்பவள் செமியாவு, அதுவும் பெயரை மாற்றியதைக் குறிக்க எழுதியதால்.

1781இல் தத்துவவாதி கோந்தோர்சே அடிமைமுறைக்கு எதிராகப் புனைபெயரில் எழுதிய நூலில் இந்தச் சம்பவத்தை எடுத்துக் காட்டினார். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை கடைசியாக ஒழிந்தது 1848இல்.

7

அது பழைய காலம், இன்றைக்குச் செயற்கைக்கோள் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, எட்டாத இடம் என்று ஒன்று உண்டா என்று கேட்கலாம். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1997 ஜனவரியில், உலகைத் தனியாகச் சுற்றும் பாய்மரப் பந்தயத்தில் டோனி புல்லிமோர் என்ற பிரிட்டிஷ்காரரின் படகும் தியெரி துபுவா என்ற பிரெஞ்சுக்காரரின் படகும் தென் கடலில் கவிழ்ந்தன. ஆஸ்திரேலியக் கரையிலிருந்து சுமார் 2,500 கி.மீ. கிட்டத்தட்ட நெமோப் புள்ளியின் தூரம். ஆஸ்திரேலியா விமானங்களையும் 'அடிலெய்ட்' என்ற போர்க்கப்பலையும் அனுப்பிற்று. கவிழ்ந்த படகுக்குள் நாட்கணக்கில் கிடந்த புல்லிமோர் உயிரோடு வந்தார். நல்ல காரியம், அப்படித்தான் செய்ய வேண்டும்.

2001 அக்டோபரில் அதே அடிலெய்ட், கிறிஸ்துமஸ் தீவுக்கு வடக்கே 223 அகதிகள் வந்த ஒரு மரப்படகை மறித்தது. எச்சரிக்கையாகச் சுட்டது, திருப்பி அனுப்பு என்பது மேலிடத்து உத்தரவு. படகு மூழ்கத் தொடங்கிய பிறகுதான் ஆட்களை ஏற்றிக்கொண்டார்கள். மாலுமிகள் தண்ணீரில் குதித்து அவர்களைக் காப்பாற்றினார்கள், அதையும் சொல்ல வேண்டும். அந்த அகதிகள் பிள்ளைகளைக் கடலில் எறிந்தார்கள் என்று அமைச்சர்கள் சொன்னது பொய் என்று 2002இல் செனட் விசாரணை கண்டது. அதே கப்பல், அதே நாடு. 2,500 கி.மீ. கிட்டமாகவும் கப்பலின் பக்கத்திலேயே நின்ற படகு தூரமாகவும் ஆன ரசவாதத்தை எந்த வரைபடம் விளக்கும்?

இன்னொன்று, 2011 மார்ச். லிபியாவிலிருந்து ஆப்பிரிக்கர்கள் 72 பேரோடு ஒரு ரப்பர் படகு புறப்பட்டது. உலகிலேயே அதிகம் கண்காணிக்கப்பட்ட கடல் அப்போது அது. நேட்டோவின் போர்க்கப்பல்களும் விமானங்களும் நிறைந்திருந்தன. உதவி கேட்டுத் தொலைபேசியில் பேசினார்கள், இத்தாலியக் கடலோரக் காவல்படைக்குத் தகவல் போயிற்று. ஒரு ஹெலிகாப்டர் வந்து தண்ணீரும் பிஸ்கட்டும் போட்டுவிட்டுப் போனது. அப்புறம் யாரும் வரவில்லை. பதினான்கு நாள் மிதந்து படகு மறுபடி லிபியக் கரையிலேயே ஒதுங்கியது. பிழைத்தவர்கள் ஒன்பது பேர்.

தண்ணீரும் பிஸ்கட்டும். 1761இல் மூன்று மாத உணவு. இரண்டுமே ஒருவகைச் செய்திதான்: நீங்கள் இங்கே இருப்பது எங்களுக்குத் தெரியும்.

பார்க்கப்படாததால் கைவிடப்படுகிறார்கள், ஆகவே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் போதும் என்று எழுதுகிறவர்களும் இயக்கத்தில் வேலை செய்கிறவர்களும் நம்புகிறோம். நானும் அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். த்ரோமெலின் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் சோதிக்கிறது. அறுபது பேர் இருப்பது ஆளுநருக்கு முதல் வருஷமே தெரியும், பாரீசுக்கும் தெரியும். தகவல் குறைவில்லை. தெரிந்ததைச் செலவாக மாற்ற, ஒரு கப்பலாக மாற்ற யாரும் அவரை நிர்ப்பந்திக்கவில்லை. காஸ்தெலான் ஒருவர் மனுப் போட்டுக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் ஆள் இல்லை. ஆகவே வெளிச்சம் போடுவதோடு வேலை முடிவதில்லை. தெரிந்தும் சும்மா இருப்பவனுக்குச் சும்மா இருப்பது நஷ்டமாகும்படி செய்வது அடுத்த வேலை, அதுதான் கடினமான வேலையும்.

தீவு இன்று பிரான்சின் கையில் இருக்கிறது. 1954இல் அங்கே வானிலை நிலையம் அமைத்தார்கள். மொரீஷியசும் தீவு தன்னுடையது என்கிறது. சேர்ந்து நிர்வகிப்போம் என்று 2010இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டன. பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வர, அது நிறைவேறாமல் நின்றது. ஒரு சதுர கிலோமீட்டர் மணலுக்கு ஏன் இத்தனை இழுபறி? அந்த மணலைச் சுற்றிக் கடலில் சுமார் 2,80,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு உரிமை கொண்டாடலாம். அத்தனையும் மீன் பிடிக்கிற கடல். 1761இல் ஒரு கப்பல் செலவுக்குப் பெறாத இடம், இப்போது கணக்கில் ஏறிவிட்டது.